எந்த டிஸ்க் எத்தனை நாள் உழைக்கும்?

டிஸ்க் கோல்ஃப் ஆட, அதாவது தட்டை வீசி வீசிக் கடைசியில் சங்கிலி தொங்கும் பாஸ்கெட்டில் போடும் ஆட்டத்துக்கு, மூன்று டிஸ்க் கொண்ட ஆரம்பநிலை செட் ஒன்று வாங்கினீர்கள்: தூரம் வீச டிரைவர், நடுத்தூரத்துக்கு மிட்ரேஞ்ச், கிட்டத்திலிருந்து பாஸ்கெட்டில் போடப் பட்டர். வாரம் இரண்டு முறை மரம் அடர்ந்த மைதானத்தில் ஆடினீர்கள். இரண்டு மாதத்தில் டிரைவரின் விளிம்பு ரம்பப் பல் மாதிரி ஆகிவிட்டது, முன்பு நேராகப் போய்க் கடைசியில் இடப்பக்கம் இறங்கியது இப்போது பாதி வழியிலேயே வலப்பக்கம் புரண்டு தரையில் உருள்கிறது. அடுத்தது 20 டாலர் பிளாஸ்டிக்கில் வாங்கினால் இந்தத் தொல்லை தீருமா, எந்தப் பிளாஸ்டிக் எத்தனை நாள் உழைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

உடனடிப் பதில்: டிரைவருக்குத் தீரும், நன்றாகவே தீரும். பட்டருக்கு அந்தக் காசைச் செலவழிக்க வேண்டியதில்லை. மிட்ரேஞ்ச் மட்டும் உங்கள் விருப்பம், அதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. இப்போது காரணங்களைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் நான் எந்த மண்ணில் ஆடுகிறேன் என்று சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் டிஸ்க் உழைப்பைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அதில் பாதி அவர்களுடைய மைதானத்தைப் பற்றிய பேச்சுதான். நான் பதினோரு வருடமாக வட கரோலினாவில், சார்லட் நகரைச் சுற்றி ஆடுகிறேன். 2012இல் தொழில்முறை உலகச் சாம்பியன்ஷிப் நடந்த ஊர். இங்கே பெரும்பாலான மைதானங்கள் காடுதான்: ஓக், பைன், நடுவில் டிஸ்க் பறக்கச் சந்து மாதிரி ஒரு பாதை, அதாவது ஃபேர்வே, காலடியில் செம்மண், அந்தச் செம்மண்ணிலிருந்து வெள்ளை வெள்ளையாகக் குவார்ட்ஸ் கல் துருத்திக்கொண்டிருக்கும். ஒரு சுற்றில் மரத்தில் படாமல் வருவது அபூர்வம். புல்வெளிப் பூங்காவில் ஆடுகிறவருக்கு நான் சொல்லும் காலக்கணக்கு எல்லாமே இரண்டு மடங்கு, மூன்று மடங்கு நீளும். அரிசோனா பாலைவனத்தில் பாறைகளுக்கு நடுவே ஆடுகிறவருக்குச் சுருங்கும். கூர்மையான கல் எந்தப் பிளாஸ்டிக்கையும் கீறிவிடும், அதில் விலை உயர்ந்தது, மலிவானது என்ற பேதம் இல்லை.

சரி, பிளாஸ்டிக்குக்கு வருவோம். கடையில் தொங்கும் பெயர்களைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஒவ்வொரு கம்பெனியும் ஒரே மாதிரிச் சரக்குக்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. இன்னோவாவின் டிஎக்ஸ், டிஸ்கிராஃப்டின் புரோ-டி, லாட்டிட்யூட் 64 கம்பெனியின் ரெட்ரோ, டைனமிக் டிஸ்க்ஸின் பிரைம், காஸ்டாபிளாஸ்டின் கே3, புரோடிஜியின் 300 எல்லாம் அடிப்படை ரகம். 10 டாலரை ஒட்டிக் கிடைக்கும், சில கொஞ்சம் கூட. மேல் ரகம் என்றால் இன்னோவாவின் சாம்பியன், ஸ்டார், டிஸ்கிராஃப்டின் ஸீ, இஎஸ்பி, லாட்டிட்யூடின் ஆப்டோ, கோல்டு, டைனமிக்கின் லூசிட், ஃபியூஷன், புரோடிஜியின் 400, 750, காஸ்டாபிளாஸ்டின் கே1, எம்விபியின் நியூட்ரான், புரோட்டான். இவை 17 டாலரிலிருந்து 20க்கு மேல் வரை போகும். நடுவில் இன்னோவாவின் ஆர்-புரோ, டிஸ்கிராஃப்டின் எக்ஸ் மாதிரி சில உண்டு. அவை பிடிப்புக்காக வாங்குவது, உழைப்புக்காக அல்ல.

அடிப்படை ரகத்தின் கலவையை எந்தக் கம்பெனியும் வெளியே சொல்வதில்லை. ஆனால் கையில் எடுத்தாலே இனம் தெரிந்துவிடும், பிளாஸ்டிக் குடம், வாளி இருக்கிறதே அந்த இனம். வாளி விளிம்பைச் சிமெண்ட் தொட்டியில் உரசினால் வெள்ளையாகச் சிராய்த்து, மெல்லிய தோல் மாதிரி சுருண்டு நிற்குமே, இதுவும் அப்படியே. மேல் ரகம் பாலியூரித்தேன் இனம். தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன், சுருக்கமாக டிபியு. உங்கள் போன் உறை அநேகமாக அதில்தான் செய்திருப்பார்கள். அடி விழுந்தால் அமுங்கிக் கொடுத்துத் திரும்பத் தன் வடிவத்துக்கு வந்துவிடும். உரசலைத் தாங்குவதில் இதற்கு நல்ல பெயர், அதனால்தான் காலணி அடிப்பகுதிக்கும் தள்ளுவண்டிச் சக்கரத்துக்கும் இதையே எடுக்கிறார்கள். டிஸ்க் எவ்வளவு அடி வாங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள். 170 கிராம் சொச்சம் எடை, சாதாரண ஆட்டக்காரர் வீசினாலே மணிக்கு 80 கிலோமீட்டர், தொழில்முறை ஆட்டக்காரர்கள் 110ஐச் சர்வசாதாரணமாகத் தாண்டுகிறார்கள், அது போய் மெல்லிய விளிம்பால் ஒரு ஓக் மரத்தில் மோதுகிறது. அந்த ஒரு நொடியில் அமுங்கிக் கொடுத்து மீளுமா, நசுங்கி அப்படியே நின்றுவிடுமா என்பதில்தான் இரண்டு இனத்துக்கும் வித்தியாசம்.

போன வாரம் பையைக் கவிழ்த்து இரண்டு டிஸ்க்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று அடிப்படை ரக ஃபேர்வே டிரைவர் (வேகம் கொஞ்சம் குறைந்த, அடக்கி வீச எளிதான டிரைவர்), ஒரே ஒரு கோடைக்காலம் ஆடியது. கட்டைவிரலை விளிம்பில் ஓட்டினால் தடுக்கித் தடுக்கிப் போகிறது. ஒரு இடத்தில் மரத்தில் நேராக மோதிய காயம். அரிசி மணி அளவுக்குப் பள்ளம், பள்ளத்தின் இரண்டு ஓரமும் பிதுங்கி உதடு மாதிரி மேலே நிற்கிறது, அந்த உதட்டின் அடியில் செம்மண் ஏறிக் கழுவினாலும் போகாமல் கோடாக நிற்கிறது. மேசையில் வைத்தால் ஒரு பக்கம் அடியில் ஒரு காசு நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று சாம்பியன் பிளாஸ்டிக்கில் டீபேர்டு என்ற ஃபேர்வே டிரைவர், ஆறாவது வருடம் ஓடுகிறது. மேலே இருந்த முத்திரை முழுக்க அழிந்துவிட்டது, கண்ணாடி மாதிரி இருந்த விளிம்பு சன்ன உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போல மங்கியிருக்கிறது. நகத்தை வைத்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் இரண்டே இடத்தில்தான் சிக்குகிறது. மேசையில் வைத்தால் தட்டையாக உட்காருகிறது. ஆறு வருடம், அதே காடு, அதே கை.

இதில் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உடையாமல் இருப்பது வேறு, முன்பு பறந்த மாதிரியே பறப்பது வேறு. அடிப்படை ரக டிஸ்க் சட்டென்று உடைந்துவிடாது, கந்தலாகிப் போன டிஎக்ஸை வைத்துக்கொண்டு பத்து வருடம் ஆடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் முதல் மாதம் பறந்த மாதிரி மூன்றாவது மாதம் பறக்காது. டிஸ்க்கின் விளிம்பு முனை எந்த உயரத்தில் இருக்கிறது என்பது அதன் பறப்பைத் தீர்மானிக்கும் பெரிய விஷயம். முனை சற்று மேலே இருந்தால் டிஸ்க் வேகத்தில் நிலையாக நின்று, வேகம் குறைந்ததும் இடப்பக்கம் இறங்கும் (வலது கையால் பின்கை வீச்சு வீசுகிறவருக்குச் சொல்கிறேன்). அடி வாங்கி வாங்கி முனை கீழே இறங்கினால், விளிம்பில் பிசிறும் பள்ளமும் சேர்ந்தால், வேகத்தில் வலப்பக்கம் சாயத் தொடங்கும். உங்களுடைய டிரைவர் புரண்டு விழுவது இதனால்தான், உங்கள் கை கெட்டுப்போகவில்லை. புதிய டிஸ்க் ஒன்றைக் கடன் வாங்கி அதே வீச்சில் வீசிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

இந்தத் தேய்மானத்தை வெறும் நஷ்டமாகப் பார்க்காத ஒரு காலம் இருந்தது, அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. மேல் ரகப் பிளாஸ்டிக் பரவலாக வந்தது 2000ஆம் ஆண்டை ஒட்டித்தான், இன்னோவா சாம்பியன் எடிஷன் என்று ஒன்றைக் கொண்டுவந்தது, பழைய ஆட்டக்காரர்கள் இன்றும் சிஇ என்று பாசமாகச் சொல்வார்கள். அதற்கு முன்னால் சாம்பியன்களும் அடிப்படை ரகத்திலேயே ஆடினார்கள். கென் கிளைமோ 12 முறை உலகச் சாம்பியன், அதில் 1990 முதல் 1998 வரை தொடர்ந்து 9. அந்த ஒன்பதும் சாம்பியன் பிளாஸ்டிக் வருவதற்கு முன்பு ஜெயித்தவை. அவர் பெயரின் முதல் எழுத்துகளை வைத்துத்தான் கேசி புரோ என்ற பிளாஸ்டிக் வந்தது. 1987இல் வந்த ராக் என்ற மிட்ரேஞ்சை அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் பையில் மூன்று, நான்கு வைத்திருப்பார்கள், எல்லாம் ஒரே அச்சு, அதாவது ஒரே வடிவ மாடல், வயதுதான் வேறு வேறு. புதியது எதிர்காற்றுக்கும் இடப்பக்கம் கட்டாயமாக இறங்க வேண்டிய வீச்சுக்கும். ஒரு வருடம் பழகியது அம்பு மாதிரி நேராகப் போகும். நன்றாகத் தேய்ந்தது வலப்பக்கம் மெதுவாக வளைந்து போய் அப்படியே இறங்கும். மூன்று அச்சுகளைக் கற்றுக்கொள்ளத் தேவையில்லை, பிடி ஒன்று, வீச்சு ஒன்று, டிஸ்க்கின் வயது மட்டும் மாறும். பழையது தொலைந்தால் அடுத்தது அந்த இடத்துக்கு ஏறும். மிட்ரேஞ்ச் உங்கள் விருப்பம் என்று மேலே சொன்னது இதை மனதில் வைத்துத்தான். இந்த முறை இன்றும் வேலை செய்கிறது, 10 டாலர் பிளாஸ்டிக்கில்தான் இது சீக்கிரம் கைகூடும். சாம்பியன் பிளாஸ்டிக்கில் இதைச் செய்ய நினைத்தால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இதனால்தான் நான் தேய்வது, பழகுவது என்று இரண்டு சொல்லையும் தனித்தனியே பயன்படுத்துகிறேன். புதுச் செருப்பு கடிப்பதும் பிறகு காலுக்குப் பழகுவதும் மாதிரி, நல்ல டிஸ்க் ஒன்று பழகிய நிலைக்கு வந்து அங்கே நீண்ட நாள் நிற்க வேண்டும். அடிப்படை ரகம் சீக்கிரம் பழகும், அந்த நல்ல நிலையில் அதிக நாள் நிற்காது. மேல் ரகம் மெதுவாகப் பழகும், அப்புறம் அங்கேயே நிற்கும்.

மேல் ரகத்துக்குள்ளேயும் இரண்டு குணம் இருக்கிறது, வாங்கும்போது இது உதவும். வெளிச்சத்தில் பிடித்தால் ஊடுருவித் தெரியும் கெட்டியான வகை ஒன்று: சாம்பியன், ஸீ, ஆப்டோ, லூசிட். ஊடுருவாத, கொஞ்சம் மிருதுவான, கையில் ஒட்டிப் பிடிக்கும் வகை இன்னொன்று: ஸ்டார், இஎஸ்பி, கோல்டு, ஃபியூஷன். தாங்கும் சக்தியில் கண்ணாடி வகைதான் முதலிடம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மழையில் நனைந்தால் கையிலிருந்து வழுக்கும், பனிக்காலத்தில் கட்டை மாதிரி விறைக்கும். ஸ்டார் வகை சின்னச் சின்னப் பிசிறு வாங்கும், வளைந்தால் கையால் நிமிர்த்திவிடலாம், ஓரிரு வருடத்தில் அழகாகப் பழகும். சாம்பியன் எட்டு வருடம் ஓடினால் ஸ்டார் நான்கைந்து வருடம் ஓடும் என்பது என் கை அனுபவம், என் காட்டுக் கணக்கு. பிடிப்பும் உழைப்பும் ஒரே டிஸ்க்கில் வேண்டும் என்று கேட்டால் நான் கே1ஐத்தான் கையில் கொடுப்பேன், காஸ்டாபிளாஸ்டின் ஸ்வீடன்காரர்கள் அந்த இரண்டையும் நன்றாகச் சேர்த்திருக்கிறார்கள்.

இன்னொன்று, பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஒரே பெயர் போட்ட பிளாஸ்டிக்கே ஒவ்வொரு வார்ப்புக்கும் கொஞ்சம் மாறும். சாயம் மாறும், கலவை மாறும், குளிரும் விதம் மாறும், மேல்தட்டு ஒரு தடவை மேடாக வரும், ஒரு தடவை தட்டையாக வரும். எடை குறைப்பதற்காக உள்ளே நுண்ணிய காற்றுக் குமிழி சேர்த்த வகைகளும் உண்டு. இன்னோவாவின் பிளிஸர்டு அப்படிப்பட்டது. கைவலி உள்ளவர்களுக்கு, வேகம் குறைந்தவர்களுக்கு அது வரம், ஆனால் அதே கம்பெனியின் கெட்டிச் சாம்பியன் அளவுக்கு அடி தாங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. முடிந்தால் கடைக்குப் போய்க் கையில் எடுத்து வளைத்துப் பார்த்து வாங்குங்கள்.

எம்விபி கம்பெனியின் டிஸ்க்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். மிஷிகனில் மார்லெட் என்ற சின்ன ஊர், இரண்டு சகோதரர்கள் தொடங்கியது, 2010இல் அயான் என்ற பட்டரோடு வந்தார்கள். அவர்கள் டிஸ்க் இரண்டு துண்டு: நடுவில் ஒரு பிளாஸ்டிக், அதைச் சுற்றி வேறு கனமான பிளாஸ்டிக்கில் ஒரு வளையத்தை வார்த்துச் சேர்க்கிறார்கள். எடையை வெளிப்பக்கம் தள்ளிச் சுழற்சியை நீட்டிப்பதுதான் அவர்கள் நோக்கம். ஆனால் உழைப்பைப் பார்க்கிற நமக்கு அதில் வேறொரு லாபம் கிடைக்கிறது. மரத்தில் மோதுவது எப்போதும் அந்த வெளி வளையம்தான். எலக்ட்ரான் என்ற அவர்களுடைய அடிப்படை ரகத்தில் வாங்கினாலும் அடி வாங்குகிற பாகம் கெட்டியான வளையமாகவே இருக்கும், கை பிடிக்கிற நடுப்பாகம் மட்டும் அந்தச் சொரசொரப்பான மலிவு ரகம். காட்டில் ஆடுகிறவருக்கு இது நல்ல ஏற்பாடு.

காலணி அடிப்பாகத்துக்குப் பெயர் போன இத்தாலியக் கம்பெனி விப்ரம் கொஞ்ச வருடம் ரப்பரிலேயே டிஸ்க் செய்தது, தெரியுமா? மற்றவர்கள் மாதிரி உருக்கி அச்சுக்குள் செலுத்தும் ஊசி வார்ப்பு இல்லை, ரப்பரை அச்சில் அழுத்திச் செய்தது. அதில் பள்ளமே விழாது. மரத்தில் அடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால் பட்டை ஒட்டியிருக்கும், துடைத்தால் ஒன்றுமில்லை. அவர்கள் இந்தத் தொழிலை விட்டுப் போய்விட்டார்கள், எங்காவது பழைய டிஸ்க் பெட்டியில் ஒன்று கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

இப்போது பட்டர். 10 அடி, 20 அடி, 30 அடியிலிருந்து பாஸ்கெட்டில் போடுகிற டிஸ்க்குக்கு வேகமே கிடையாது. சங்கிலியில் பட்டு விழும். சங்கிலி விளிம்பில் சின்னச் சின்னக் கீறல் போடும், நிஜமான காயம் வருவது மேல் வளையத்திலோ கூண்டுக் கம்பியிலோ மோதும்போதுதான். அந்தக் கீறலும் ஒரு விதத்தில் நல்லது, விரல் பிடிக்கச் சொரசொரப்பு கிடைக்கிறது. அடிப்படை ரகப் பட்டர் சங்கிலியில் பட்டதும் சத்தம் அடங்கி அப்படியே விழும், கெட்டிக் கண்ணாடி ரகம் சில நேரம் துள்ளி வெளியே வந்துவிடும். அதனால்தான் உலகத்தரத்து ஆட்டக்காரர்களின் பையிலும் பட் போடும் டிஸ்க் பெரும்பாலும் மலிவு ரகமாகவே இருப்பதைப் பார்க்கலாம். நான் பட் போடுவது அடிப்படை ரக ஏவியார் இரண்டு, ஐந்து வருடம் ஆகிறது, மாற்ற வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை: அதே பட்டரை டீயிலிருந்து, அதாவது முதல் வீச்சு வீசும் இடத்திலிருந்து, முழு வேகத்தில் வீசினால் டிரைவர் படும் பாடு இதுவும் படும். அதனால் ஒரே அச்சில் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், பட் போட மலிவு ரகம் ஒன்று, வீச மேல் ரகம் ஒன்று. சில டாலர் மிச்சம் பிடிக்க ஒன்றையே இரண்டு வேலைக்கும் வைத்துக்கொண்டால் கடைசியில் இரண்டு வேலைக்கும் உதவாது.

குளிரைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன். சில வருடம் முன்பு ஒரு ஜனவரி காலை, புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது, மலிவு ரக மிட்ரேஞ்ச் ஒன்றை வீசினேன். எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை, எந்த மலிவு ரகத்துக்கும் அந்தக் குளிரில் இப்படி நேரலாம். 30 அடி தூரத்தில் ஒரு பைன் மரம், நேராகப் போய் மோதியது. வழக்கமான டப் சத்தம் வரவில்லை, ஓடு உடைகிற மாதிரி சுள்ளென்று ஒன்று கேட்டது. எடுத்துப் பார்த்தால் மேலே ஒன்றும் தெரியவில்லை. வானத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன், உள் விளிம்பிலிருந்து மேல்தட்டுக்குள் விரல் நீளத்துக்கு மயிரிழை மாதிரி ஒரு விரிசல். விரலால் மெதுவாக அழுத்தினால் அந்தக் கோடு வாய் திறந்து மூடுகிறது. அந்த டிஸ்க்கின் கதை அங்கே முடிந்தது. தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கமான பிடிஜிஏ விதிப்படி விரிசல் விட்ட, ஓட்டை விழுந்த டிஸ்க்கை ஆட்டத்தில் வீசக் கூடாது, வீசினால் இரண்டு தண்டனை வீச்சு சேரும். குளிர் நாட்களில் எதை வீசுவது என்றால் மிருதுவான மேல் ரகம்தான், ஸ்டார், ஜிஸ்டார், கே1 சாஃப்ட் மாதிரி. லாட்டிட்யூட் 64 கம்பெனியின் பெயரே அவர்கள் ஊர் ஷெலெஃப்தியோ இருக்கும் அட்சரேகைதான், ஸ்வீடனின் வடக்கு. அங்கேயும் ஃபின்லாந்திலும் பனி மூடிய மைதானத்திலும் ஆடுகிறார்கள், விறைக்காத பிளாஸ்டிக்கின் அருமை அவர்களுக்குத் தெரியும்.

வெயிலில் எதிர்த் தொல்லை. கோடையில் காரின் பின்பக்கம் அடுப்பு மாதிரி ஆகும், பையில் சாய்ந்து கிடக்கும் டிஸ்க் அப்படியே தோசை மாதிரி மடங்கும். இதில் மேல் ரகமும் தப்பாது, டிபியுவும் சூட்டில் இளகும் சரக்குதானே. ஆனால் இளகுவதை வைத்தே சரி செய்யலாம். குழாயில் வரும் வெந்நீரில் சில நிமிடம் போட்டு, சமையல் மேடையில் தட்டையாக வைத்து, மேலே கனமான புத்தகம் ஒன்றை ஏற்றி, ஆறும் வரை தொடாமல் விடுங்கள். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், அது அச்சையே மாற்றிவிடும். மலிவு ரகத்தில் இந்த வைத்தியம் அரைகுறையாகத்தான் பலிக்கும்.

பிசிறைப் பற்றி ஒரு வார்த்தை. விளிம்பில் பிதுங்கி நிற்கும் பிளாஸ்டிக் விரலைக் கிழிக்கும், எனக்கு ஆள்காட்டி விரலில் ரத்தமே வந்திருக்கிறது. சன்ன உப்புத்தாளால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து மழுக்கலாம். வார்ப்புப் பிசிறையும் சிராய்ப்பையும் மிதமாகத் தேய்க்க விதி அனுமதிக்கிறது, பறப்பே மாறும் அளவுக்கு வடிவத்தைத் தேய்த்து எடுத்தால் அந்த டிஸ்க் சட்டவிரோதம் ஆகிவிடும். விளையாட்டில் தானாக வரும் தேய்மானத்துக்கு எந்தத் தடையும் இல்லை. பள்ளத்தை எதையாவது ஊற்றி நிரப்பலாமா என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டாம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வாரம் இரண்டு முறை காட்டில் ஆடுகிறீர்கள், ஆரம்பநிலை, கை வேகம் இன்னும் ஏறவில்லை. மேல் ரகத்தில் ஒரே ஒரு ஃபேர்வே டிரைவர் வாங்குங்கள். ஆனால் கையில் இருக்கும் அதே அச்சை மேல் ரகத்தில் வாங்கிவிட்டு அதே மாதிரி பறக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், இதை நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன். ஒரே அச்சு கெட்டிப் பிளாஸ்டிக்கில் வார்த்தால் பொதுவாக இன்னும் பிடிவாதமாக இடப்பக்கம் இறங்கும். புது ஆட்டக்காரர் அதை வீசிவிட்டு, தூரம் குறைந்துவிட்டது, நம் வீச்சில்தான் கோளாறு என்று மனம் உடைந்துபோகிறார். அதனால் இயல்பிலேயே வலப்பக்கம் இளகிக் கொடுக்கும் அச்சாக எடுங்கள். இன்னோவாவின் லெப்பர்டு நல்ல தேர்வு. அதன் பறப்பைச் சொல்லும் எண்கள் 6, 5, -2, 1. முதல் எண் வேகம். மூன்றாவது எண்தான் வேகத்தில் எவ்வளவு வலப்பக்கம் சாயும் என்பது. ஸ்டாரில் எடுத்தால் ஒரு வருடத்தில் உங்கள் கைக்குப் பழகிவிடும். மழையில்லாத ஊர், கல் அதிகம் என்றால் சாம்பியனில் எடுங்கள். வேகம் 12, 13 என்று போட்ட டிரைவர் பக்கம் இப்போது போகவே வேண்டாம், அது எந்தப் பிளாஸ்டிக்காக இருந்தாலும் சரி.

மிட்ரேஞ்சுக்கு, டிஸ்கிராஃப்டின் பஸ் என்ற அச்சை ஸீ பிளாஸ்டிக்கில் ஒன்று வாங்கிவிட்டால் பல வருடத்துக்கு அந்தப் பேச்சு முடிந்தது. இல்லை, பழகப் பழகப் பறப்பு மாறுவதைக் கற்றுக்கொள்ள ஆசை என்றால் டிஎக்ஸில் ராக் ஒன்று வாங்கி ஒவ்வொரு மாதமும் அது எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். அதைப் போல ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் வேறு கிடையாது என்பது என் எண்ணம். பட்டர், செட்டில் வந்ததே போதும்.

காசுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். உங்கள் மைதானத்தில் உங்கள் ஆட்ட அளவுக்கு மலிவு டிரைவர் ஒரு வருடத்தில் மூன்று, நான்கு மாற்ற வேண்டி வரும், அதுவே 30, 40 டாலர். 20 டாலர் டிஸ்க் ஒன்று அந்த ஒரு வருடத்தைத் தாண்டி இன்னும் பல வருடம் போகும். தொலைக்காமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு. குளம் உள்ள மைதானத்துக்குப் போனால் தண்ணீருக்கு மேலே வீச ஒரு மலிவு டிஸ்க்கைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலான டிஸ்க் தண்ணீரில் மூழ்கிவிடும். பழைய டிஸ்க் விற்கும் கடைப் பெட்டியையும் கிளறிப் பாருங்கள். அங்கே பத்துக்கு இத்தனை என்று நிலையைக் குறித்திருப்பார்கள். பத்துக்கு ஏழு போட்ட சாம்பியன், ஸீ எல்லாம் முத்திரை அழிந்ததற்காக விலை குறைந்தவை, அவற்றின் நல்ல காலம் இப்போதுதான் தொடங்குகிறது. பத்துக்கு ஏழு போட்ட மலிவு ரகத்தை வாங்கவே வேண்டாம்.

கடைசியாக அந்த ரம்பப் பல் டிரைவர். தூக்கிப் போடாதீர்கள். விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், இல்லையென்றால் பிசிறை மட்டும் தேய்த்துவிட்டுப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பின்காற்று அடிக்கும்போது மெதுவாக வீசினால் அது மிதந்து மிதந்து போகும், வலப்பக்கம் வளையும் ஃபேர்வேயில் புது டிஸ்க் எதுவும் செய்யாத வேலையைச் செய்யும். செங்குத்தாகத் தரையில் இறக்கி உருட்டிவிடுவதற்கும் அதுதான் தோதானது. அடிப்பக்கம் எழுதிய பெயரும் போன் நம்பரும் இந்நேரம் தேய்ந்திருக்கும், மார்க்கர் எடுத்து இன்னொரு முறை எழுதிவிடுங்கள், காட்டில் தொலைந்தால் எடுத்தவர் கூப்பிட அந்த நம்பர் வேண்டும்.